பலகையில் எழுதியிருக்கும் எண்ணை நம்பலாமா? பழைய நேரோ கேஜ் சரக்கு வண்டியின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கும் முறை

அமெரிக்காவில் எங்கேயாவது ஒரு பண்ணையிலோ சுரங்க ஊரிலோ பழைய நேரோ கேஜ் சரக்கு வண்டி கிடைத்தது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு சண்டையும் வரும். ஒருவர் இது 1880-களில் கட்டியது என்பார், இன்னொருவர் 1904 என்பார், மூன்றாவது ஆள் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இது 1926-க்கு அப்புறம் அடித்த பலகை என்பார். படிக்கிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே வண்டிக்கு எப்படி மூன்று பிறந்த வருடம்?

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அவர்கள் ஒவ்வொருவரும் வண்டியின் வேறு வேறு பாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த விஷயம் புரிந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும், அதனால் அடிப்படையிலிருந்தே போகலாம்.

முதலில் சில சொற்கள்

கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். அமெரிக்காவில் பொதுவான ஸ்டாண்டர்ட் கேஜ் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1,435 மி.மீ. அங்கே நேரோ கேஜ் என்றால் பெரும்பாலும் 3 அடி, அதாவது 914 மி.மீ. நம் ஊட்டி மலை ரயில் ஓடும் மீட்டர் கேஜ் 1,000 மி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும், அதைவிட ஒரு சாண் கூட குறைவில்லை.

அடுத்தது போகி. நம் ஊரில் பேச்சு வழக்கில் முழு ரயில் பெட்டியையே போகி என்கிறோம். இந்தக் கட்டுரையில் போகி என்றால் பெட்டிக்குக் கீழே நான்கு சக்கரங்களோடு இருக்கும் இரும்புச் சட்டம் மட்டும். ஒரு வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெட்டி அதன் மேல் உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு பெரிய முளை கோத்திருக்கும். ஜாக்கி வைத்துப் பெட்டியைத் தூக்கினால் போகி தனியாக உருண்டு வந்துவிடும். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

போகிக்கு மேலே அடிச்சட்டம். பழைய வண்டிகளில் இது நீள நீளமான மர விட்டங்களால் ஆனது. பாரம் ஏற்றினால் மரம் நடுவில் தொய்யும் என்பதால், கீழே நெடுக இரும்புக் கம்பிகளை ஓட்டி, டர்ன்பக்கிள் என்ற முறுக்குத் திருகு போட்டு இழுத்துப் பிடித்திருப்பார்கள். அடிச்சட்டத்துக்கு மேலே உடல், அதாவது சுவர், கூரை, கதவு. அதன்மேல் பெயிண்ட், எழுத்து, எண்.

வண்டிகள் ஏன் இவ்வளவு கை மாறின

1870-ல் ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பால்மர் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வேயைத் தொடங்கினார். மலைப்பகுதியில் வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், செலவு குறையும் என்று 3 அடி கேஜைத் தேர்ந்தெடுத்தார்கள். 1871-ல் டென்வரிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் வரை பாதை வந்தது. அதைப் பார்த்து நாடு முழுவதும் நேரோ கேஜ் மோகம் பிடித்தது, 1880-களில் ஆயிரக்கணக்கான மைல் போட்டார்கள்.

ஆனால் ஒரு கணக்கை யாரும் சரியாகப் போடவில்லை. ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையைச் சந்திக்கும் இடத்தில் எல்லாம், மூட்டையையும் கரியையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். அந்தக் கூலியும் நேரமும் மிச்சம் பிடித்த செலவைத் தின்றுவிட்டது. டென்வர் அண்ட் ரியோ கிராண்டேயே 1890-ல் தன் முக்கியப் பாதையை ஸ்டாண்டர்ட் கேஜாக மாற்றிவிட்டது. இப்படி ஒவ்வொரு பாதையும் அகலமாகும்போதும் மூடப்படும்போதும், மிச்சம் இருந்த சின்ன வண்டிகளை அடுத்த நேரோ கேஜ் கம்பெனி மலிவாக வாங்கியது. அதுவும் மூடினால் அதற்கடுத்த கம்பெனி. புது நேரோ கேஜ் வண்டி கட்ட ஆர்டர் கொடுப்பது அரிதாகிக்கொண்டே போனதால், இருக்கிற வண்டியை ஒட்டுப்போட்டு ஓட்டுவதுதான் வழி.

வண்டி அதே பாதையில் ஓடிக்கொண்டிருக்க, கம்பெனியின் கையும் பெயரும் மாறியதும் உண்டு. டென்வர், சவுத் பார்க் அண்ட் பசிபிக் என்ற பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-ல் அது யூனியன் பசிபிக் என்ற பெரிய ரயில் கம்பெனியின் கைக்குப் போனது. 1889-ல் டென்வர், லெட்வில் அண்ட் கன்னிசன் ஆனது. 1890-களின் கடைசியில் கொலராடோ அண்ட் சதர்ன் ஆனது. 1879-ல் கட்டிய ஒரு வண்டி தாக்குப்பிடித்திருந்தால், இருபது வருடத்துக்குள் அதன் பக்கத்தில் நான்கு பெயர் வரை எழுதி அழித்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணும் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

ரயில் வண்டிகள் எவ்வளவு தூரம் பயணப்பட்டன என்பதற்கு ஒரு உதாரணம் மட்டும்: 1942-ல் அமெரிக்க ராணுவம் கொலராடோவிலிருந்து 7 நேரோ கேஜ் இன்ஜின்களை எடுத்து அலாஸ்காவின் ஒயிட் பாஸ் பாதைக்குக் கொண்டுபோனது. இன்ஜினுக்கே இந்தக் கதி என்றால் சரக்கு வண்டி எங்கெங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

ஒரு கேள்வியை நான்காகப் பிரிக்க வேண்டும்

"இந்த வண்டி யாருடையது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இப்படிக் கேட்க வேண்டும்:

1. போகி எங்கிருந்து வந்தது? சக்கரங்களின் கேஜ், அந்த வண்டி கடைசியாக எந்தப் பாதையில் ஓடியது என்பதை மட்டும்தான் சொல்லும். பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப் ரயில்வே, மவுண்ட் யூனியன் என்ற ஊரில் ஒரு பெரிய கிரேனை வைத்து ஸ்டாண்டர்ட் கேஜ் வண்டிகளைத் தூக்கி, போகியை உருவி, நேரோ கேஜ் போகியைச் செருகி ஓட்டியது. கொலராடோவில் எண்ணெய் ஏற்றிய யூனியன் டேங்க் கம்பெனியின் டேங்க் வண்டிகளில் பல, ஸ்டாண்டர்ட் கேஜுக்காகச் செய்து அப்புறம் 3 அடி போகிமேல் ஏற்றியவை. அதனால் சக்கரத்தை அளந்துவிட்டு "இது பிறவியிலேயே நேரோ கேஜ்" என்று சொல்லிவிட முடியாது.

2. அடிச்சட்டம் எப்போது, எங்கே செய்தது? என் பார்வையில் வண்டியின் அடையாளம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. அடிச்சட்டத்தை மாற்றினால் புது வண்டி கட்டிய மாதிரிதான், அதனால் கம்பெனிகள் அதில் அவ்வளவு சீக்கிரம் கை வைக்கவில்லை.

3. உடல் எப்போது கட்டியது? பலகை மழையில் நனைந்து வெயிலில் வெடிக்கும். டென்வர் அண்ட் ரியோ கிராண்டே 1904-ல் அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்டரியிடம் வாங்கிய 3000 வரிசை மூடு வண்டிகள் 750. எண் 3000-லிருந்து 3749 வரை. 30 அடி நீளம், 25 டன் பாரம். இவற்றை 1920-களின் நடுவில் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். முதல் பத்தியில் சொன்ன 1904-க்கும் 1926-க்கும் நடக்கும் சண்டை இங்கேதான் பிறக்கிறது. அடியில் இருக்கும் மரம் ஒரு காலம், மேலே பலகை வேறு காலம்.

4. எண்ணை எப்போது எழுதியது? இருப்பதிலேயே கடைசியாக நம்ப வேண்டியது இது. எண் என்பது பெயிண்ட். கம்பெனி மாறினால் மாறும், கணக்குப் புத்தகம் மாறினால் மாறும். சரக்கு ஏற்றும் வேலையை விட்டுப் பாதைப் பராமரிப்பு வேலைக்குப் போனாலும் மாறும். ரியோ கிராண்டேயில் அப்படிப் போன வண்டிகளுக்குப் பூஜ்யத்தில் தொடங்கும் எண் கொடுத்தார்கள். பிற்காலத்தில் பூங்காவில் வைத்தவர்கள் அழகுக்காகப் போட்ட எண்ணும் உண்டு, அதற்கும் வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

இரும்பு சொல்வது

பலகையை எவர் வேண்டுமானாலும் மாற்றலாம். வார்ப்பிரும்பை மாற்ற பவுண்டரிக்குப் போக வேண்டும். அதனால் வார்ப்பு உதிரிகளில் இருக்கும் எழுத்துக்கு மதிப்பு அதிகம். சக்கர அச்சின் முனை உட்காரும் அச்சுப் பெட்டியின் மூடி, அடிக் கம்பியைத் தாங்கும் முட்டு, கதவு ஓடும் தண்டின் தாங்கி, மூலைத் தகடு, இவற்றில் கம்பெனியின் முதலெழுத்தோ உதிரி எண்ணோ புடைப்பாக இருக்கலாம். துருவை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தெளிவாக வரும்.

ஆனால் அச்சுப் பெட்டி மூடியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. மூடி கழன்று விழும், ஒர்க் ஷாப்பில் கைக்குக் கிடைத்ததை மாட்டுவார்கள். சக்கரமும் அப்படித்தான். அந்தக் காலத்து வார்ப்புச் சக்கரங்களில் பவுண்டரி பெயரும் வார்த்த தேதியும் இருக்கும், பார்த்ததும் மனசு துள்ளும், ஆனால் சக்கரம் தேய்ந்தால் மாற்றுகிற பொருள். மரச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, மரமே அதைச் சுற்றி அமுங்கிப்போய் இருக்கும் வார்ப்புதான் நல்ல சாட்சி. போல்ட்டைச் சுற்றி ஒரே ஒரு வாஷர் தடம்தான் இருக்கிறது, அதற்குக் கீழே வேறு அளவில் பழைய தடம் இல்லை என்றால், அந்த இரும்பு ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது.

கட்டிய கம்பெனியின் பெயர்த் தகடு கிடைத்தால் அதிர்ஷ்டம். அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்டரி 1899-ல்தான் உருவானது, 13 பழைய கம்பெனிகள் சேர்ந்து. பென்சில்வேனியாவின் ஜாக்சன் அண்ட் வுடின், மிசௌரியின் செயின்ட் சார்ல்ஸ் எல்லாம் அதில் கரைந்தவை. ஆகவே அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்டரி பெயர் போட்ட தகடு 1899-க்கு முந்திய வண்டிக்குச் சொந்தமாக இருக்க முடியாது. ஒரு தகடு, ஒரு பெயர், காலவரம்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஓட்டைகள் சொல்வது

எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான், பெரும்பாலும் யாரும் பார்க்காமல் விடுவதும் இதுதான்.

ஆரம்பகால வண்டிகளை இணைக்க ஒரு இரும்பு வளையமும் ஒரு முளையும் பயன்பட்டன. இரண்டு வண்டி நெருங்கும்போது ஆள் நடுவில் நின்று முளையைச் செருக வேண்டும். விரல் போனவர்கள், கை போனவர்கள், உயிரே போனவர்கள் ஏராளம். 1893-ல் அமெரிக்கக் காங்கிரஸ் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. தானாகக் கவ்விக்கொள்ளும் கப்ளிங்கும் காற்று பிரேக்கும் வேண்டும் என்றார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போய் 1900 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் 1911-ல் ஏணி எங்கே இருக்க வேண்டும், கைப்பிடி எத்தனை, என்ன அளவு என்று விரிவான விதிகள் வந்தன.

இப்போது ஒரு பழைய வண்டியின் முனைச் சுவர் அருகே குனிந்து பாருங்கள். கைப்பிடி இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி, மூலைக் கம்பத்தில் இரண்டு ஓட்டை, உள்ளே மரக்கட்டை அடித்து அடைத்து மேலே சிவப்பு பெயிண்ட் பூசியிருக்கிறது. விரலால் தடவினால் வட்டம் தெரியும். அங்கேதான் 1911-க்கு முன்னால் கைப்பிடி இருந்தது. அடிச்சட்டத்தின் நடு விட்டத்தில் கப்ளிங் மாட்டும் இடத்தில் ஒரு கூட்டம் போல்ட் ஓட்டைகள் சும்மா கிடக்கின்றன, இப்போதைய கப்ளிங்கின் போல்ட்டுகள் அவற்றோடு பொருந்தவில்லை. அப்படியென்றால் இந்தச் சட்டம் பழைய கப்ளிங்கோடு பிறந்தது, புதியது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எந்தக் காகிதமும் இல்லாமலே 1900-க்கு முந்திய சட்டம் என்று வலுவாகச் சந்தேகிக்க இடம் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். பழைய ஓட்டையே இல்லை, எல்லா போல்ட்டும் 1911 விதிப்படி ஒரே தடவையில் போட்டது மாதிரி இருக்கிறது என்றால், "1880-ல் கட்டியது" என்ற குடும்பக் கதையைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டியதுதான்.

நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1870-80-களின் நேரோ கேஜ் மூடு வண்டிகள் 30 அடிக்குக் குறைவானவை, 10 முதல் 15 டன் ஏற்றுபவை. 1900-க்குப் பிறகுதான் 30 அடியும் 25 டன்னும் சாதாரணமாயின. ஆணியும் உதவும்: சதுர முனை கொண்ட வெட்டு ஆணி பழையது, உருண்டைக் கம்பி ஆணி 1890-களில் எங்கும் பரவியது. ஆனால் ஒரு ஆணியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூரைக்கு அடியில், யாரும் ரிப்பேர் செய்யாத மூலையில் இருக்கும் ஆணிகளைப் பாருங்கள்.

மறைந்த எழுத்தை வாசிப்பது

பெயிண்ட் போனாலும் எழுத்து போவதில்லை. பெரும்பாலான சரக்கு வண்டிகளுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த செங்காவி நிறம் அடித்து, அதன்மேல் ஈய வெள்ளையால் எழுத்து எழுதினார்கள். எழுத்து இருந்த இடத்தில் பெயிண்ட் ஒரு அடுக்கு கூடுதல். பல வருட வெயிலிலும் மணல் காற்றிலும் சுற்றியுள்ள மரம் அரித்து இறங்கும், எழுத்துக்குக் கீழே இருந்த மரம் தப்பிப் பிழைத்து மயிரிழை உயரமாக நிற்கும். பகலில் நேராகப் பார்த்தால் வெறும் சாம்பல் பலகை. இருட்டின பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால், பலகைமேல் நிழல் விழுந்து ஒரு "3" எழும், பக்கத்தில் பாதி "0" எழும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவைதான் வண்டியின் வரலாறு. கீழே இருப்பது முந்தியது.

ரியோ கிராண்டே வண்டிகளில் ஒரு சின்ன உதவி உண்டு. 1921-ல் கம்பெனி பெயரின் கடைசியில் வெஸ்டர்ன் என்ற சொல் சேர்ந்தது. வெஸ்டர்னுக்கான எழுத்து இருந்தால் அந்தப் பெயிண்ட் 1921-க்குப் பின்னால்.

இரண்டு எச்சரிக்கை. பலகைகளை யாராவது கழற்றித் திரும்ப அடித்திருந்தால் எழுத்து துண்டு துண்டாக, வரிசை மாறிக் கிடக்கும். வேறு வண்டியின் பலகையைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டிருந்தால் அந்த ஒரு பலகை மட்டும் வேறு கதை சொல்லும். இரண்டாவது, தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈயத்தூள் உடம்புக்கு விஷம், அதோடு சான்றும் தூளாகப் பறந்துவிடும்.

ஒரு வண்டியைக் கலிஃபோர்னியாவில் பின்தொடர்வோம்

கார்ட்டர் பிரதர்ஸ் என்று ஒரு கம்பெனி. தாமஸ், மார்ட்டின் என்ற சகோதரர்கள், சான் பிரான்சிஸ்கோ விரிகுடா ஓரத்தில் நியூவர்க் என்ற ஊரில் மர வண்டிகள் கட்டினார்கள். மேற்குக் கரையின் பல நேரோ கேஜ் பாதைகளுக்கு இவர்கள்தான் வண்டி கொடுத்தார்கள். 1880-ல் சாண்டா குரூஸ் வரை போய்ச் சேர்ந்த சவுத் பசிபிக் கோஸ்ட் ரயில்வே அதில் முக்கியம்.

சவுத் பசிபிக் கோஸ்ட், சதர்ன் பசிபிக் என்ற வேறொரு பெரிய ரயில் கம்பெனியின் கைக்கு 1887-ல் போனது. 1906 நிலநடுக்கத்தை ஒட்டிய வருடங்களில் அந்தப் பாதையை ஸ்டாண்டர்ட் கேஜாக்கினார்கள். அதற்கு முன்பே, 1900-ல், சதர்ன் பசிபிக் இன்னொரு நேரோ கேஜை வாங்கியிருந்தது, கார்சன் அண்ட் கொலராடோ, நெவாடாவிலிருந்து கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் கீலர் வரை போனது. 1926-ல் நெவாடா-கலிஃபோர்னியா-ஆரிகன் ரயில்வேயும் அதே கைக்கு வந்தது. அதையும் அகலமாக்கிவிட்டு, அதன் நேரோ கேஜ் வண்டிகளை ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். 1960 ஏப்ரலில் அந்தக் கடைசிப் பாதையும் மூடியது.

ஆக, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு வண்டி கிடைத்து அதில் சதர்ன் பசிபிக் என்று எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்? சவுத் பசிபிக் கோஸ்ட், கார்சன் அண்ட் கொலராடோ, நெவாடா-கலிஃபோர்னியா-ஆரிகன் என்று மூன்று வெவ்வேறு பூர்வீகம் சாத்தியம். பிரித்துப் பார்க்க, அடிச்சட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும்: விட்டங்கள் எத்தனை, அவற்றின் குறுக்களவு என்ன, அடிக் கம்பி எத்தனை, முட்டின் வடிவம் எப்படி, மரம் என்ன ஜாதி. கிழக்கில் கட்டிய வண்டிகளில் ஓக் மரம் தாராளமாக இருக்கும். மேற்குக் கரையில் கையருகே கிடைத்தது டக்ளஸ் ஃபர், ரெட்வுட். ஓக்கின் குறுக்குவெட்டில் வளையங்களில் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும், ஃபர் மரத்தில் அப்படி இருக்காது. கைலென்ஸ் போதும்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஆர்டன்வுட் பண்ணையில் கார்ட்டர் வண்டிகளைப் பாதுகாக்கிற அருங்காட்சியகம் இருக்கிறது. தெரிந்த வண்டியின் அளவுகளோடு தெரியாத வண்டியை ஒப்பிட இப்படிப்பட்ட இடங்கள்தான் தராசு. கொலராடோ பக்கம் என்றால் கோல்டன் நகரில் 1959-ல் திறந்த கொலராடோ ரயில்ரோடு மியூசியமும், இன்றும் 64 மைல் ஓடுகிற கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் பாதையும் இருக்கின்றன.

காகிதத்தை எப்போது எடுப்பது

வண்டியை முழுக்க அளந்து, படம் எடுத்த பிறகுதான். முதலிலேயே காகிதத்தைப் படித்துவிட்டால் கண் அதையே தேடும்.

ரயில் கம்பெனிகளின் வண்டி வரிசைகள், எண்கள், உள் அளவுகள், பாரம் எல்லாவற்றையும் தொகுத்து 1880-களிலிருந்து ஒரு ரெஜிஸ்டர் தொடர்ந்து அச்சாகி வந்தது. உங்கள் வண்டியின் உள்நீளமும் கதவு அகலமும் எந்த வரிசையோடு பொருந்துகிறது என்று அதில் பார்க்கலாம். 1913-ல் வந்த ஒரு சட்டத்தின்படி அரசு எல்லா ரயில்வே சொத்தையும் எண்ணி மதிப்பிட்டது, அந்த ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யாரிடமிருந்து எந்த வண்டி வாங்கியது என்பது அதில் சில சமயம் கிடைக்கும்.

தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்

பெயர் வைத்துவிட்டால் அதற்கேற்ப வேலை தொடங்கிவிடும். 3000 வரிசை வண்டி என்று முடிவு செய்தால் அந்த அளவுக்குப் புதுப் பலகை அறுப்பார்கள், "தப்பான" ஓட்டைகளை அடைப்பார்கள், "பொருந்தாத" முட்டுகளைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவார்கள், எல்லாவற்றின் மேலும் புது செங்காவி. ஐந்து வருடம் கழித்து இது வேறு கம்பெனி வண்டி என்று தெரியவந்தால், அதை நிரூபிக்கும் ஓட்டைகளும் முட்டும் போயே போயிருக்கும். நன்கொடை கொடுத்தவர்களுக்கும் பொய் சொன்ன கணக்கு ஆகிவிடும், யாரும் வேண்டுமென்று செய்யாமலே.

ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக எழுதிவையுங்கள், எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்து. ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

அடிச்சட்டம்: டக்ளஸ் ஃபர், மேற்குக் கரையில் கட்டியது, 1900-க்கு முந்தியது, கப்ளிங் ஓட்டைகளே ஆதாரம். பெரும்பாலும் உறுதி.
உடல்: பலகைகள் பின்னால் மாற்றியவை, முனைச் சுவரின் இரண்டு மூலைக் கம்பங்கள் மட்டும் பழையவை. ஓரளவு உறுதி.
போகி: வேறு வண்டியிலிருந்து வந்தது. உறுதி.
முதல் சொந்தக்காரர்: சவுத் பசிபிக் கோஸ்ட்டாக இருக்கலாம், அடிக்கம்பி முட்டின் வடிவம் பொருந்துகிறது. உறுதி இல்லை.
எண்: காலியாக விடப்பட்டுள்ளது.